சட்டைப்பையில் அவரை விதை

திண்டுக்கல் ரயிலடியில் குழாயடி பக்கத்திலேயே இருந்தும், அந்தப் பட்டாளத்துக்காரர் செம்பில் தண்ணீர் பிடித்துப்போய் வேப்பங்கன்றின் தூரில் நின்றுதான் முகம் கழுவினார். வெயிலில் வெந்து கறுத்த முகம். மீசை மட்டும் மிடுக்கு. காஸா பாலைவனத்தில் ஐ.நா. அமைதிப்படை முகாமில் ஒரு வருடம் இருந்தவர், மறுபடியும் அங்கேயே போகிறாராம்.

"அங்க சவரம் பண்ணுன தண்ணியக்கூட வீணாக் கொட்ட மாட்டோம்ணே. கூடாரத்து ஓரமா அவரை போட்டேன். நம்மூரு நெனப்புல ஆடியில வெதச்சுப்புட்டேன். பொட்டு மழையில்ல, அம்புட்டும் கருகிப்போச்சு."

"பெறகு?" என்றேன்.

"அங்க மார்கழியிலதான் மழை." சட்டைப்பையைத் தட்டினார், விதைகள் கலகலத்தன. "இந்தத் தடவ முகாமுல நம்ம பயலுகளுக்குச் சோத்தோட அவரைக்கா வெஞ்சனம் உண்டு."

வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டார். மார்கழியில் தூறல் விழும்போதெல்லாம், நான் பார்த்தேயிராத ஒரு கூடாரக் கயிற்றில் அவரைக்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது.