நான் முழுகாமல் இருந்த கதை

மட்டக்களப்பில் யாராவது செத்தால், முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொல்பவன் நான்தான். திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பதும் என் குரல்தான். குரல் நல்ல குரல். அதற்குப் பின்னால் மூளை என்று ஒன்று இருக்கிறதா என்பது என் மனைவி அஜந்தாவின் நெடுநாள் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் அவளுக்கு நாள் தள்ளி இரண்டு கிழமைகூட ஆகவில்லை, நான் கடைத்தெரு முழுக்க ரொபி மிட்டாய் கொடுத்துவிட்டேன். இரண்டாம் மாதம் அது கலைந்துபோனது. ரொபி தின்றவர்கள் எல்லாரும் அவளை வழியில் மறித்து, "இப்ப எத்தின மாசம் புள்ள?" என்று கேட்டார்கள். "இல்ல, தங்கல்ல" என்று ஒவ்வொருவருக்கும் அவள்தான் சொன்னாள். ஊர்ச்சாவெல்லாம் அறிவிக்கிற நான், அதை மட்டும் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை.

ஆகவே இந்த முறை நாள் தள்ளியதுமே கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "அஞ்சு மாசம் முடியுமட்டும் உங்கட வாயால ஒரு சொல்லு வரப்படாது. வந்தா மறுகா நான் உங்களோட கதைக்க மாட்டன்." பயத்தில் பழைய கட்டுப்பாடுகளையும் ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது புருசன்காரன் பாடை தூக்கக்கூடாதாம், தலைமயிர் வெட்டக்கூடாதாம், கடலிலும் தீர்த்தத்திலும் முழுகக்கூடாதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மறுத்துச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அப்பா போன நாளிலிருந்து வருடாவருடம் அவருக்காகக் குளத்தில் முதல் ஆளாக இறங்குகிறவன், இந்த முறை காய்ந்த வேட்டியோடு மைக்குக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஒலிபெருக்கிக்காரன் உதயரூபன் ஈரத் தலையோடு வந்தான்.

"என்னடா நிலோஜன், அப்பாக்கு முழுகல்லையா?"

"இல்ல மச்சான். நான் இந்த முறை முழுகாம இருக்கன்."

சொன்ன வாய் மூடுமுன் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. குளக்கரையிலிருந்து, கோயில் வாசலிலிருந்து, கச்சான் கடலைக் கடைகளின் மேலிருந்து. மைக் போட்டபடியே கிடந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று அர்த்தம். குளம் முழுக்க எழும்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! அரோகராவுக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு சத்தம் வரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது சும்மா வாயால் கெட்டது. நான் எட்டு ஒலிபெருக்கி கட்டிக் கெட்டேன்.

பின்னேரம் காத்தான்குடி நௌஷாட்டின் மிட்டாய்க் கடையில் விசாரணை கூடியது. ஆண்பிள்ளை முழுகாமல் இருக்கலாமா, முடியாதா?

"ஒருக்காலும் நடக்காது," என்றார் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் வினாயகமூர்த்தி. "கர்ப்பப்பை இல்லாத இடத்தில எங்க புள்ள தங்குற?"

"வெளிநாட்டில ஒரு ஆம்புள பெத்திருக்காராம் சேர்," நௌஷாட் போனை நீட்டினான். "பொம்புளையாப் பொறந்து ஆம்புளையா மாறினவராம். கர்ப்பப்பை கிடக்காம்."

"அப்ப அவர் ஆம்புளையா, இல்லையா?" என்றான் உதயரூபன்.

"அவர் தன்ன ஆம்புள எண்டுதானே சொல்றார். இல்லையெண்டு சொல்ல நாம ஆரு?" என்றான் நௌஷாட்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதயரூபன் என் பக்கம் திரும்பினான்.

"அவர விடு. நீ சொல்லு, மெய்யா ஏன்டா முழுகல்ல?"

வேறு நாளாக இருந்தால், "ஆம்புளையாவது, புள்ள பெறுறதாவது!" என்று முதலில் கத்துகிறவன் நான்தான். ஆனால் முழுகாத காரணத்தைச் சொன்னால் அஜந்தாவின் வயிறு சந்திக்கு வந்துவிடும். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். காலில் புண் என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உதித்தது. அந்த நேரம் வாயில் வந்தது இதுதான்:

"ஆம்புளையும் முழுகாம இருக்கலாம். இந்தா, நான் இருக்கன். மூணு மாசம்."

வயிற்றையும் தடவிக் காட்டினேன். பத்து வருடக் கொத்துரொட்டி, வயிறு சாட்சிக்குத் தயாராகவே இருந்தது. சேர்கூடச் சிரித்துவிட்டார். நௌஷாட் ஓடிப்போய் ஒரு மாங்காய் வாங்கி வந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தந்தான். நான் அதையும் தின்றேன். மறுபடி ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

என்னைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் அவளைப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குள் பெரிய கெட்டிக்காரத்தனம். வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த நாள் காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி அக்காவின் குரல் வேலியால் வந்தது.

"என்னகா அஜந்தா, உன்ட புருசன் முழுகாம இருக்கன் எண்டு மைக்கில சொன்னாராமே, மெய்யா?"

என் கை நின்றுபோனது. போன வருடம் அவள் வழி வழியாக நின்று சொன்ன "தங்கல்ல" எல்லாம் எனக்குள் ஒன்றாகக் கேட்டது. பாவி, திரும்பவும் இவளை வேலியடியில் நிறுத்திவிட்டேனே என்று அழுகை வந்தது. வந்ததை ஏன் மறைப்பது?

பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. அஜந்தாதான். ஒரு வருடத்துக்குப் பிறகு.

"ஓம் அக்கா, அவருக்கு மூணு மாசம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும்தான்."

கேதீஸ்வரி அக்கா, "மாமாங்கத்தாரே!" என்று சத்தம் போட்டதும், இருவரும் மெல்லிய குரலில் ஏதோ கதைத்ததும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அஜந்தா உள்ளே வந்தாள். நான் தேங்காயை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. ரொபி ஒண்டும் வாங்கப்படாது."

"இல்ல."

"மறுகா ஏதும் நடந்தா, இந்த முறை நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும். உங்களுக்கும்தானே மூணு மாசம்."

எட்டு ஒலிபெருக்கிக்குப் பேசுகிற எனக்கு "ஓம்" என்ற ஒரு சொல் வெளியே வர வெகுநேரம் எடுத்தது.