சர்வரை நிறுத்தச் சொன்ன மத்தியானம்

நான் ஓய்வு பெற்ற குமாஸ்தா. பாசன அலுவலகம் ஒன்றில், தாமிரபரணிக் கால்வாய்களில் எந்த மடையை எப்போது திறப்பது என்று முப்பத்திரண்டு வருடம் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன். எழுதுவது நான், கையெழுத்து வேறு யாருடையதோ. மேலே ஒருவர் பச்சை மையில் சுருக்கொப்பம் போடாமல் ஒரு காகிதமும் எங்கள் அலுவலக வாசலைத் தாண்டாது. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு வலைப்பூ அமைத்துக் கொடுத்தாள். "சும்மா இருந்தா அம்மாவ நச்சரிப்பிய. எதையாவது எழுதுங்க" என்றாள். எழுதினேன், பதினாலு கட்டுரை. ஒன்றையும் வெளியிடவில்லை. வரைவு என்றால் யாராவது ஒப்புதல் தர வேண்டாமா? வலைப்பூவுக்கு மேலதிகாரி யார் என்று தெரியாததால் எல்லாவற்றையும் வரைவாகவே வைத்திருந்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வரைவைப் பார்ப்பதற்கும் அவளே வழி செய்திருந்தாள். மடிக்கணினிக்குள் ஒரு சின்ன சர்வர் ஓடும். வெளியுலகத்துக்குத் தெரியாது. வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசிகளில் மட்டும் கட்டுரை முழு அலங்காரத்தோடு தெரியும். நான் ஒரு வரியைத் திருத்தினால் அங்கேயும் உடனே மாறும். வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கட்டளையெல்லாம் எனக்கு ஏறாது என்று ஒரு ஏஐ உதவியாளரையும் போட்டுக் கொடுத்தாள். தமிழில் சொன்னால் போதும், அது நிறுத்திவிடும். "மேற்படி சர்வரை நிறுத்திட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுவேன். "அப்பா, அதுகிட்டப் போயி மனு எழுதுதியளே" என்று மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். அது ஒரு நாளும் என்னை நாளைக்கு வா என்று சொன்னதில்லை.

பதினைந்தாவது கட்டுரை என் மனைவியைப் பற்றியது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இருபது வருடத்துக்கு முன்னால், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. ஒரு மணி நேரப் பஸ், அவ்வளவுதான். "போகட்டுமா?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். காலை இட்லியும் மத்தியானச் சாப்பாடும் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இரண்டு நாள் கழித்து அவள் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பிள்ளை சின்னவள் என்பதால் அவளே வேண்டாம் என்றுவிட்டதாக ஊரெல்லாம் சொன்னேன். அவளும் மறுத்துப் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை சாதாரண ஆசிரியையாகவே இருந்தாள்.

இதை ஒரு மத்தியானம் எழுதி முடித்தேன். கடைசி வரியாக, "அவளைப் போகவிடாமல் செய்தது நான்தான். தப்பு என்னுடையது" என்று அடித்தேன். உடனே அழித்துவிட்டு, "சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது" என்று பூசி மெழுகினேன். அலுவலக அனுபவம் கைகொடுத்தது. பிறகு உதவியாளருக்கு வழக்கமான மனுவைப் போட்டேன்.

எப்போதும் சொன்னவுடன் நிறுத்திவிடும் அது, அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டது. "இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டில் ஒரு கைபேசி இப்போது திறந்து வைத்திருக்கிறது. நிறுத்தினால் அங்கே இணைப்பு அறுந்துவிடும். நிறுத்தலாமா?"

என் கைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் இன்னொன்றுதான் உண்டு. பொங்கலன்று மகள் அம்மாவின் கைபேசியிலும் அந்த முகவரியைப் போட்டுக் காட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் பதினாலு கட்டுரையையும் படித்திருப்பாள். மனுஷி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கோபம் வந்தது. வெட்கம் அதைவிட அதிகம். எனக்கும் ஒரு வாசகி இருந்திருக்கிறாள் என்ற சந்தோஷமும் கூடவே வந்தது, மறைப்பானேன்.

அடுக்களையிலிருந்து குரல் கேட்டது. "ஏங்க, கடைசியில ஒரு வரி இருந்துச்சே. அத ஏன் எடுத்துட்டிய?"

"நடை சரியில்ல."

"நடைக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தான இருந்துச்சு." கைபேசியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இது என்னது, சூழ்நிலையா? நம்ம வீட்டுல அப்படி யாரும் இருந்த மாதிரி எனக்குத் தெரியலயே."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. பழைய வரியைத் திரும்ப அடிக்கப் போனேன்.

"அடிக்க வேண்டாம். அத நிறுத்தச் சொல்லிட்டு, வாயால சொல்லுங்க."

"நிறுத்து" என்று ஒரே சொல்தான் எழுதினேன். "நிறுத்திவிட்டேன்" என்று பதில் வந்தது. இனி ஒளிந்துகொள்ள எனக்குப் பேப்பரும் இல்லை, திரையும் இல்லை.

"நான்தான் ஒன்னயப் போகவிடல. தப்பு என் மேலதான்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அத்தோடு நழுவியிருப்பேன். "கடுதாசி வந்த வாரம், சனிக்கெழம, துணிக்கடைக்குப் போறேன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டு அந்த ஸ்கூலப் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். "எச்.எம். ரூம் தொறந்து கெடந்துச்சு. யாரும் இல்ல. அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். வந்துதான் ஒங்ககிட்டக் கேட்டேன்."

இருபது வருடம் இதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதை விட்டுவிட்டு, "அங்கன உக்காந்து பாத்தா என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"வாழத்தோட்டம். அதுக்கு அந்தப் பக்கம் ஆறு." கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த ஒரு கேள்விய அன்னைக்கு நீங்க கேட்டிருந்தாப் போதும். நான் போயிருப்பேன்."