ஆஸ்பத்திரித் தொட்டியில மூணு கை தண்ணி

எங்க மாடியில குடியிருக்கிற பிளம்பர் அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. வாஷர் அண்ணன்தான். சட்டைப் பையில எப்பவும் நாலு ரப்பர் வாஷர் கிடக்கும். கடையில சில்லறைன்னு நெனச்சு அதை எடுத்து நீட்டி அசடு வழிஞ்சிருக்காரு. போன வாரம் எங்க சமையலறைத் தொட்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து பைப்பை மாட்டிக்கிட்டே இந்தக் கதையைச் சொன்னாரு. காலும் குரலும் மட்டும்தான் வெளிய இருந்துச்சு. மறக்கிறதுக்குள்ள எழுதிட்டேன்.

அவர் சம்சாரத்துக்கு மருந்துக்கடையில வேலை. ரெண்டு பேரும் கிறிஸ்தவங்கதான், ஆனா வேற வேற சபை. அண்ணன் சபையில கைக்குழந்தைக்கே தலையில தண்ணி விட்டு ஞானஸ்நானம் கொடுத்துடுவாங்க. அக்கா சபையில, விவரம் தெரிஞ்சு தானா வந்து கேட்டாத்தான் கொடுப்பாங்க, அதுவும் தொட்டிக்குள்ள இறக்கி முழுசா முக்கி. கல்யாணத்தப்ப "குழந்தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்"னு விட்டுட்டாங்க. பொறந்துச்சு, பொண்ணு. அன்னிக்கே சண்டையும் பொறந்துருச்சு.

"பசிக்குதுன்னு வாயால கேட்டப்புறமா பால் கொடுக்குற?" அப்படீன்னாராம் அண்ணன்.

"வேணாம்னா பாலைத் துப்பிருவா. நீங்க கொடுக்கிறதைத் துப்ப முடியுமா?" அப்படீன்னாங்களாம் அக்கா.

நாலு மாசம் இப்படியே போச்சு. ஒரு நாள் காலையில பால் குடிச்சிட்டு இருந்த குழந்தைக்கு உதடு நீலமாயிருச்சு. தூக்கிட்டு ஓடினாங்க. இதயத்துல ஓட்டை, நாளைக்கழிச்சு ஆப்பரேஷன்னு சொல்லிட்டாங்க. பொழைக்குமான்னு கேட்டதுக்கு டாக்டர் "பாப்போம்"னு மட்டும் சொன்னாராம்.

அக்கா மருந்து வாங்கக் கீழ போனாங்க. வார்டுல அண்ணனும் குழந்தையும்தான். மூலையில கைகழுவுற தொட்டி, முழங்கையால தள்ளித் திறக்குற குழாய். உயிருக்கு ஆபத்துன்னா, போதகர் வர நேரமில்லைன்னா, விசுவாசி யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு அவர் சபையில உண்டு.

"கடவுள் இவளைப் பரலோகத்துக்குள்ள விடமாட்டார்னு எனக்குப் பயமில்லப்பா. இவ யாரோட பிள்ளைன்னு ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்." அண்ணன் எங்கிட்ட இதைச் சொல்லிட்டு ரென்ச்சைக் கீழ வச்சாரு.

குழாயைத் திறந்தாரு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லி மூணு தடவை கையில அள்ளி விட்டாரு. குழந்தை ஒரு தும்மல் போட்டுச்சாம். சட்டையாலயே தலையைத் துடைச்சாரு.

அக்கா வந்ததும் முதல் கேள்வியே, "என்ன, தலை ஈரமா இருக்கு?"

"பால் கக்கிட்டா. துடைச்சேன்."

மறுநாள் மத்தியானம் அக்கா எங்கயோ போயிட்டு வந்தாங்க. பின்னாடியே வேர்த்து விறுவிறுத்து ஒருத்தர். அண்ணன் சபைப் போதகர்!

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஆனா ரெண்டு நாளா உங்க மூஞ்சியைப் பாக்க முடியல. என் பிடிவாதத்தை இன்னிக்கு ஒரு நாள் ஓரமா வச்சிட்டேன். கொடுக்கச் சொல்லுங்க." அக்கா இப்படிச் சொன்னப்ப அண்ணனுக்குக் காலே தரையில நிக்கலையாம். சந்தோஷத்துல இல்ல.

போதகர் புஸ்தகத்தைத் திறந்தாரு. அந்தச் சடங்குல முதல் கேள்வியே இதுதான்: "இந்தக் குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதுண்டா?"

வழக்கமா எல்லாரும் "இல்லை"ன்னு ஒப்பிச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அண்ணனும் அந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஆனா ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதான், மறுபடி கொடுக்கக் கூடாதுங்கிறது அவர் சபைச் சட்டம். கையில பொண்ணை வச்சுக்கிட்டு, கடவுள் முன்னாடி, பொய் எப்படி வரும்?

"பெற்றிருக்கு, ஐயா."

"யார் கொடுத்தது?" கேட்டது அக்கா.

"நான்தான். நேத்து. நீ கீழ போயிருந்தப்ப."

"அப்ப பால் கக்கினது?"

"அது பொய்."

"தண்ணி விட்டதைக் கூட விடுங்க. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க! இவ உங்களுக்கு மட்டும்தான் பொண்ணா?" அக்கா கத்தலையாம். கத்தியிருந்தா தாங்கியிருப்பேன்னாரு.

அண்ணன் தண்ணி எப்படி விட்டாரு, என்ன சொன்னாருன்னு போதகர் விசாரிச்சாரு. "சரி, அது செல்லும். நான் திரும்பக் கொடுக்க முடியாது."

"அப்ப உங்களை இந்த வெயில்ல இழுத்துட்டு வந்தது தண்டமா?"

"இல்லம்மா. பிள்ளையை விசுவாசத்துல வளக்குறோம்னு பெத்தவங்க வாக்குக் கொடுக்கிறது பாக்கி இருக்கு. அதை உன் புருஷன் ஒளிஞ்சு நின்னு ஒத்தையில கொடுக்க முடியாதே."

அக்கா குழந்தையைத் தன் கையில வாங்கிக்கிட்டாங்களாம். "விசுவாசிக்கிறேன்னு இவளுக்குப் பதிலா நான் சொல்லமாட்டேன். அதை இவ வாயால இவதான் சொல்லணும். அதைச் சொல்லத் தெரியிற மாதிரி வளக்குறேன். இதை வேணா எழுதிக்கோங்க."

பக்கத்துக் கட்டில் அம்மா, என்ன நடக்குதுன்னே புரியாம, சத்தமா "ஆமென்"னாங்களாம்!

மறுநாள் ஆறு மணி நேரம் ஆப்பரேஷன். வெளிய மூணு நாற்காலி. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் அக்கா, நடுவுல அக்காவோட பை. நாலாவது மணி நேரத்துல அக்கா பையை எடுத்துக் கீழ வச்சாங்க. "அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு"ன்னு தொட்டிக்கடியிலருந்து சொல்றாரு.

குழந்தை பொழைச்சா. இப்ப ரெண்டாம் வகுப்பு. மாடிப்படியில அவ குதிக்கிற குதியில எங்க சீலிங்கே ஆடுது.

போன மாசம் அக்கா சபையில அந்த முழுக்குத் தொட்டி ஒழுக ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு நாள் லீவு போட்டு, அடிப் பைப்பைக் கழட்டி, ஜாயின்ட்டெல்லாம் புதுசா மாட்டிக் கொடுத்தது யாருன்னு நெனக்கிறீங்க? நம்ம வாஷர் அண்ணன்தான்.

"உங்களுக்குத்தான் ஒரு தடவை போதுமே, அப்புறம் எதுக்குண்ணே?"ன்னு கேட்டேன்.

மெதுவா வெளிய வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு. "எனக்குப் போதும். நாளைக்கு எம்பொண்ணு வளந்து, நானே இறங்குறேன்னு கேட்டான்னா? அன்னிக்குத் தொட்டி ஒழுகலாமா?"

இந்தத் தடவை, அந்தத் தொட்டி வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனாராம்.