முதுகைக் காட்டி வாசித்த ஹெப்ரான்

சமாதானபுரம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஹெப்ரானுக்கு ஒரு பஞ்சர் கடை உண்டு. டியூபைத் தண்ணீரில் அழுத்தி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை விரல்கள் தொட்டியின் விளிம்பில் எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். அது டிரம்பெட் விரல். பாளையங்கோட்டையில் யாராவது இறந்துவிட்டால் கடையின் தகரக் கதவு பாதிக்கு இறங்கும். ஹெப்ரான் வெள்ளை யூனிபாரம் மாட்டிக்கொண்டு போய்விடுவார். 'சீயோன் பேண்டு செட்'டில் முதல் டிரம்பெட் அவர்தான். டயருக்கு ஊதுவதும் சவப்பெட்டிக்கு ஊதுவதும் ஒரே மூச்சுதான் என்று அவரே கேலியாகச் சொல்வார்.

அந்த செட்டுக்கென்று இரண்டு பழக்கங்கள் இருந்தன. பெட்டிக்கு முன்னால் நடக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. இறந்தவருக்குப் பிடித்த கீர்த்தனையை வீட்டிலிருந்து வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் கடைசி வரியை வாசிக்கக் கூடாது. அந்த இடம் வரும்போது டிரம்ஸ் ஏந்திக்கொள்ளும், பாட்டு மறுபடி முதல் வரிக்குப் போய்விடும். கல்லறையில் முதல் பிடி மண் விழுந்த பிறகுதான் கடைசி வரி. அதையும் பாட்டைத் தொடங்கியவரேதான் ஊத வேண்டும்.

காரணம் கேட்டால் ஹெப்ரான் இப்படிச் சொல்வார்: "பெட்டியத்தான் நாலு பேரு தூக்கிட்டு வாராங்க. ஆளு பாட்டுக்குப் பின்னால நடந்து வாராரு. இங்கனதான் உம்ம எடம்னு அவருகிட்ட கடைசி வரிதான் சொல்லும்."

இத்தனை வருடம் வாசித்தும், கேட்கிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை. அழுகையெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும். உயிரோடு இருக்கிற நாலு பேர் எதிரே உட்கார்ந்து, வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூச்சமான ஆசை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஓட்டலுக்கு வந்தபிறகு ஒரு நாள், தேநீர்க் குவளையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்.

வண்ணார்பேட்டை பைபாஸில் இருக்கிற அந்த ஓட்டலில் நான் விளம்பரங்கள் தயாரிக்கிறேன். முதலாளி மகேஷ். அவர்கள் வீட்டு வயல்களை விற்ற பணம்தான் இந்த ஐந்து மாடிகளாக நிற்கிறது. மேல்மாடி பாரைக் கிளப்பாக மாற்றி, சுவருக்கெல்லாம் நீல வண்ணம் அடித்து, உச்சியில் கண்ணாடிப் பந்து ஒன்றைத் தொங்கவிட்டார். வரும் நான்கு சனிக்கிழமைகளும் நேரடி ஜாஸ் இசை என்று போஸ்டர் போடச் சொன்னார். போட்டேன். அப்போது வாசிக்கப் பாதிப் பேர்கூடச் சேரவில்லை.

பியானோவுக்கு பெர்சிஸ் வந்தாள். பாளையங்கோட்டைப் பெண், சபையில் ஆர்கன் வாசித்துப் பழகியவள், பெங்களூரில் ஓட்டல்களில் வாசிக்கிறாள். பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் ஆட்களை அங்கிருந்தே கூட்டிவந்தாள். டிரம்பெட்காரர் மட்டும் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். தன் பெரியப்பா அடக்கத்தில் ஒருவர் வாசித்ததைக் கேட்டிருப்பதாகவும் அவரையே கூப்பிடலாம் என்றும் அவள் சொன்னபோது மகேஷ் முகம் சுருங்கியது. பாருக்குச் சாவு பேண்டுக்காரரா என்று கேட்டார். நீங்களாகச் சொன்னால்தானே வருகிறவர்களுக்குத் தெரியும் என்றாள் பெர்சிஸ்.

மகேஷ் ஹெப்ரானைப் போனில் அழைத்த நேரத்தில், அவர் கிருபைராஜ் என்பவரின் அடக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கிருபைராஜ் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கால் இழுத்துக்கொண்டு நடக்கும். ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்துபோய் உள்ளேயிருந்த இரும்பு தரையில் படும். முதலில் ஒரு இழுப்பு, பிறகு ஒரு 'டொக்'. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பஞ்சர் கடைக்கு வந்து, ஹெப்ரானிடம் தன் அடக்கத்துக்கு வாசிக்க வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போனார். "நீதாம்லே வாசிக்கணும். பாதியில விட்டுட்டுப் போயிராத. காலு வேற இப்படி இருக்கு, நான் எங்கன போய் நிப்பேன்?" என்று சிரித்தாராம். ஹெப்ரானும் சிரித்திருக்கிறார்.

கல்லறையில் சபை ஐயரின் பிரசங்கம் நீண்டது. ஹெப்ரானின் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பெர்சிஸ் சாயங்கால ரயிலில் போகிறாள், இப்போதே வந்து வாசித்துக் காட்டாவிட்டால் மதுரை ஆளைப் பேசிவிடுவோம் என்றார் மகேஷ். மண் விழுவதற்குள் வந்துவிடலாம் என்று ஹெப்ரான் கணக்குப் போட்டார். டிரம்ஸ் அடிக்கும் ஜெபஸ்டினிடம் சொல்லிவிட்டு, டிரம்பெட்டோடு பைக்கில் ஏறிவிட்டார்.

வந்து வாசித்தார். பெர்சிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவரையே பேசி முடித்தார்கள். அவர் திரும்பிப் போனபோது மண்ணெல்லாம் விழுந்து, மேட்டின் மேல் பூ வாடத் தொடங்கியிருந்தது. ஜெபஸ்டின் வெகுநேரம் டிரம்ஸை உருட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டானாம். காவல்காரர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹெப்ரான் வீட்டுக்கு நடந்தார்.

பெர்சிஸ் தன் ஆட்களோடு திரும்பி வந்த பிறகு, ஒத்திகைகள் மத்தியானங்களில் நடந்தன. மத்தியானத்தில் அந்தக் கிளப்பைப் பார்க்க வேண்டும். நாற்காலிகள் மேசைகளின் மேல் கால் தூக்கிக் கிடக்கும். திரை இடுக்கு வழியாக வரும் ஒரு கீற்று வெயில் கண்ணாடிப் பந்தில் பட்டு, நீலச் சுவரில் அசையாத புள்ளிகளாக நிற்கும். பழைய பீர் வாடை. முதல் ஒத்திகையன்று, மேடைக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி மட்டும் தரையில் இருந்தது. பார் பொறுப்பாளர் பூதலிங்கம் அதை மறுபடி மேசையில் கவிழ்த்தார். இடைவேளையில் பார்த்தால் அது மறுபடி கீழே இருந்தது.

"நான் எறக்கல," என்றார் பூதலிங்கம் என்னைப் பார்த்து.

நானும் இறக்கவில்லை.

ஹெப்ரானுக்கு நின்ற இடத்தில் வாசிக்க வரவில்லை. நடை பழகிய உடம்பு. நின்றாலும் பாதங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைவிட, பார்வையாளர்கள் உட்காரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். மகேஷ் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வார ஆளுகளுக்கு முதுகக் காட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். பழகிவிட்டது, சரிசெய்துகொள்கிறேன் என்றார் ஹெப்ரான். ஆனால் திரும்பவில்லை. எந்த முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாரோ அந்தப் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

ஒரு பாட்டின் நடுவில் பெர்சிஸ் அவருக்கென்று இடம் ஒதுக்கியிருந்தாள். அங்கே எழுதி வைத்த இசை கிடையாது, மனதில் என்ன வருகிறதோ அதை வாசிக்கலாம் என்றாள். ஹெப்ரானின் மனதில் கிருபைராஜின் கீர்த்தனை வந்தது. மறுநாளும் அதுவே வந்தது. மெதுவாகத் தொடங்கி, கடைசி வரியின் வாசலில் நின்றுவிடும். சபையில் வளர்ந்த பெர்சிஸுக்கு அந்தப் பாட்டு தெரியும். பியானோக் கட்டையின் மேல் விரலைத் தூக்கியபடி காத்திருப்பாள். அந்த அமைதியில், நான் பதிவு செய்து வைத்த எல்லா ஒத்திகைகளிலும், ஒரு 'டொக்' கேட்கிறது. டிரம்ஸ் குச்சி பட்டிருக்கும் என்றாள் பெர்சிஸ். டிரம்ஸ்காரர் அந்த நேரம் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தார். அதை நான் சொல்லவில்லை.

"ஏண்ணே, முடிக்கவே மாட்டேங்கீங்க?" என்று அவள் கேட்ட அன்றுதான் ஹெப்ரான் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஒலிப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கன முடிச்சா அவரு இங்கனயே இருந்துருவாரு, தங்கச்சி."

கல்லறைக்குப் போய் வாசித்துவிட்டு வந்தால் என்ன என்று அவள் கேட்டாள். போனதாகச் சொன்னார். அடக்கத்துக்கு மறுநாள் காலையிலேயே போய், மேட்டின் முன் நின்று, கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அவரு அங்கன இல்ல. இல்லாத ஆளுக்கு வாசிச்சு என்ன செய்ய?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மேடையிலிருந்து இறங்கி நடந்து கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு, ஆனால் அதைச் செய்தால் இந்த நான்கு சனிக்கிழமையும் போய்விடுமே என்றார். பெர்சிஸின் பார்வை சுவரோர நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

அன்று அவர் லிப்டில் ஏறாமல் படியில் இறங்கினார். நான் கொஞ்சம் விட்டுப் பின்னாலேயே போனேன். எனக்குக் கேட்டது அவருடைய காலடி மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் நின்றார். கால் இழுக்கிற ஒருவர் படி இறங்கி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். பிறகு அடுத்த படிக்கட்டு.

முதல் சனிக்கிழமை கிளப் நிறைந்துவிட்டது. இருட்டத் தொடங்கும்போதே டாக்டர்கள், ஜவுளிக்கடை முதலாளிகள், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். நின்றுகொண்டுகூடக் கேட்டார்கள். சுவரோர நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை. பூதலிங்கம் அழைத்துப்போய் உட்கார வைத்தவர்கள், ஏசி நேராக அடிக்கிறது என்று எழுந்துகொண்டார்கள். அந்தப் பக்கம் ஏசியே கிடையாது.

ஹெப்ரான் முதுகைக் காட்டியே வாசித்தார். ஆட்களுக்கு அது பிடித்துவிட்டது. முதல் இரண்டு பாட்டுக்கும் கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அவருடைய தோள் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பப் பார்த்து, பாதியில் நின்றது. மூன்றாவது பாட்டில் அவருடைய இடம் வந்தது. கீர்த்தனை கிளம்பியது. கடைசி வரிக்கு முன்னால் நின்றார். பெர்சிஸின் விரல் தூக்கியபடி நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மைக் எதுவும் இல்லாத அந்த நாற்காலி மூலையிலிருந்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி, 'டொக்'.

ஹெப்ரான் மேடையிலிருந்து இறங்கினார். முதல் வரியைப் புதிதாக எடுத்து ஊதிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், மேசைகளுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டினார். சுவரோர நாற்காலி தரையில் உரசிக்கொண்டு ஒரு சாண் பின்னுக்குப் போனதை நான் பார்த்தேன். பூதலிங்கமும் பார்த்தார். மற்றவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டு, கோப்பைகளை வைத்துவிட்டு, போனில் படம் பிடித்தபடி படியில் இறங்கினார்கள். பெர்சிஸும் வந்தாள்.

பைபாஸ், பெட்ரோல் பங்க், முருகன்குறிச்சி. அடக்க ஊர்வலம் போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது பாளையங்கோட்டையில் வழக்கம். பாட்டைக் கேட்டதும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒருவர் பைக்கை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றினார். பிறகுதான் எல்லோரும் பெட்டியைத் தேடினார்கள். ஹெப்ரானுக்கும் எங்களுக்கும் நடுவே கொஞ்சம் சாலை வெறுமையாக இருந்தது. யாரும் சொல்லாமலே அந்த இடத்தை விட்டுவிட்டு நடந்தோம். முன்னால் முந்தப் பார்த்த ஒரு பையனை அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவர்தான் கொஞ்சம் முன்பு வரை சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தவர்.

பாட்டைக் கேட்ட காவல்காரர் கல்லறையின் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். உள்ளே கிருபைராஜின் மேட்டுக்கு முன் ஹெப்ரான் நின்றார். பாட்டு கடைசி வரியின் வாசலுக்கு வந்தது. டிரம்பெட்டை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டி இல்லாத இந்த ஊர்வலத்தில் கடைசி வரி, பாட்டுக்குப் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் இங்கேதான் இடம் என்று சொல்லிவிடும். அவருக்குப் பின்னால் அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்து எண்ணவும் அவரால் முடியாது.

திரும்பாமலே அவர் சொன்னார்: "உயிரோட இருக்கவங்க எல்லாம் எனக்கு முன்னால வாங்க."

ஓரிருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பெர்சிஸ்தான் முதலில் போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, அந்த வெறுமையான இடத்தைச் சுற்றிக்கொண்டு, அவர் முன்னால் போய் நின்றார்கள். நான் கடைசியாக நின்றுவிட்டேன். முன்னால் போனபோது என் இடது தோளில் யாரோ ஒதுங்கி வழிவிட்டதுபோல் இருந்தது.

"வேற யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் அவருக்குப் பின்னால் பார்த்தோம். ஒன்றுமில்லை. கல்லறைகள், கேட், தெருவிளக்கு. இருந்தாலும் கேட்டருகே படுத்திருந்த நாய் எழுந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்து, பைய வாலை ஆட்டியது.

ஹெப்ரான் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கிருபைராஜுக்குக் கடைசி வரியை வாசித்தார். இடையில் ஒரு தடவை இழுப்பும் 'டொக்'கும் கேட்டன. அதற்குப் பிறகு கேட்கவில்லை. யாரும் கைதட்டவில்லை.

மகேஷ் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்த நடையை வாரா வாரம் வைக்கலாமா என்று கேட்டார். போஸ்டரில் போடச் சொல்லவும் தயாராக இருந்தார். முடியாது என்று ஹெப்ரான் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை பேண்டு செட்டின் வெள்ளை யூனிபாரத்திலேயே வந்து, எங்களைப் பார்த்தே நின்று வாசித்தார், பாட்டுகளையெல்லாம் முடித்தார். ஆனால் டிரம்ஸையும் பேஸையும் தனக்கு முன்னால் நகர்த்தச் சொல்லிவிட்டு, மேடைச் சுவரில் முதுகை அழுத்தி, பின்னால் யாரும் நிற்க ஒரு தாளளவு இடம்கூட இல்லாதபடி நின்றுகொண்டார். நிகழ்ச்சி முடிந்து அவர் படியிறங்கியபோது வெள்ளை யூனிபாரத்தின் முதுகு முழுக்கச் சுவரின் நீலம் ஒட்டியிருந்தது.