ஜோடியில் ஒருத்தி

ஹாஸ்டலில் மற்றவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த ஆவணப்படத்தைச் செல்போனில் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சேர்ந்தே வந்து சிரிக்கவைத்த இரண்டு நடிகர்களின் கதை. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நாடகக் கம்பெனியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். நெட்டையானவர் முதலில் இறந்துபோனார்.

மிஞ்சியவரை வயதான காலத்தில் பேட்டி எடுத்திருந்தார்கள். அவரை வேறொருவரோடு ஜோடி சேர்த்து நடிக்கவைத்தார்களாம்.

"வசனமெல்லாம் சரியாத்தான் சொன்னாரு. ஆனா நான் பேசி முடிச்சதும் அவன் ஒரு பெருமூச்சு விடுவான். அதுக்குத்தான் ஜனங்க சிரிப்பாங்க. புதுசா வந்தவருக்கு அது வரல" என்றார். பிறகு கேமராவைப் பார்க்காமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். கெலமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகள். ஓசூர்க் கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். ஆயுத பூஜைக்குக் கேன்டீனில் நாங்கள் போடும் நாடகத்தில் அவள் சூப்பர்வைசர், நான் டிரெய்னி. அவள் கன்னடத்தில் திட்டுவாள். நான் பாராட்டுகிறாள் என்று நினைத்து வெட்கப்படுவேன். கேன்டீனே அதிரும். அவள் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்குப் போனபின் வேறொரு பெண்ணை எனக்கு ஜோடியாக்கினார்கள். ஒத்திகையிலேயே தலைவலி என்று சொல்லி விலகிவிட்டேன்.

அவளுக்குப் போன் செய்து படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஏ புள்ள, நான் உசுரோடத்தான்டி இருக்கேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். "வர்ற ஞாயித்துக்கெழம வா. சாப்ட்டுட்டுப் போலாம்."

போனேன். பஸ் சானமாவுக் காட்டைத் தாண்டும்போதே அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டேன். வீட்டில் அவள் மாமியார் அன்பாகத்தான் இருந்தார்.

"நீதானாம்மா அந்த நாடகக்காரப் பொண்ணு? ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன், பாப்போம்."

கூடத்தில் எதிரெதிரே நின்றோம். அவள் இடுப்பில் குழந்தை. கன்னடத்தில் ஆரம்பித்தாள். நான் வெட்கப்பட்டேன். அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மறந்தே போச்சுடி."

அவளுடைய வசனத்தையும் நானே சொன்னேன், என்னுடையதையும் நானே சொன்னேன். மாமியார் மரியாதைக்குச் சிரித்தார். குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். அடுக்கி வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை. பஸ் வரும்வரை வெயிலைப் பற்றியும் குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.