வேர்க்கடலைத் தட்டும் வேம்புலியின் வலது கையும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் யாராவது உங்களுக்கு வணக்கம் வைத்தால், முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கை, சுண்டுவிரலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்ட கை, எல்லாம் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும். பவர் பிரஸ் ஓட்டியவர்களின் கைகள் அவை. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கும் இயந்திரம் அது. எது தகடு, எது விரல் என்று அதற்குத் தெரியாது.

வேம்புலி வேலை பார்த்த பட்டறையில் இருந்த பிரஸ்ஸுக்கு மாமியார் என்று பெயர். அது அடிக்கிற அடியில் அயனம்பாக்கம் ஏரி மீனெல்லாம் கரைக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்காரும் என்பார்கள். எல்லா மீனும் என்பது பொய். கெண்டை மட்டும்தான். வேம்புலிக்கு முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் இப்போது இடது கையால் பீடி பற்றவைக்கிறான். அவனுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயரைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

பட்டறை நிற்கும் மண்ணில்தான் வேம்புலியின் அப்பா கூலிக்கு நெல் அறுத்தார். நிலம் எஸ்டேட்டானது, மகன் எஸ்டேட்டுக்குள் போனான். ஆனால் அவனுக்குக் கை படத்தில் ஓடும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் தலைமையாசிரியரை வரைந்து வைக்க, உள்ளே வந்த கணக்கு வாத்தியார் அவரே நிற்கிறார் என்று நினைத்து அந்தப் படத்துக்கு வணக்கம் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. போர்டு எழுதும் கடை ஒன்று வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதுவரைக்கும் மாமியார்.

அவன் மனைவி பேபி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சாயங்காலம் அவன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, வலது கையை விரித்துக் காட்டச் சொல்வாள். பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். விளையாட்டு மாதிரித்தான் செய்வாள். ஆனால் அந்தக் கை விரியும் வரை அவள் மூச்சு விடுவதில்லை என்பது எதிர்வீட்டிலிருந்து பார்த்த எனக்குத் தெரியும்.

போன பொங்கலை ஒட்டி, தெருக்கோடி வீட்டுக் கிறிஸ்துதாஸ் ஜப்பானிலிருந்து திரும்பினான். அவன் வேலை பார்க்கும் பெரிய கம்பெனி இயந்திரம் பழகிவர அனுப்பியிருந்தது. வெளிநாடு போனவர்கள் சென்ட்டும் சேலையும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு வீடியோ டெக்கும் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டும் கொண்டுவந்தான். எல்லாம் கார்ட்டூன். அங்கே அனிமே என்பார்களாம்.

"இன்னா அண்ணாத்தே, கொயந்தைங்க பாக்கற பொம்ம படத்தையா கடல் தாண்டி சொமந்துகினு வந்தே?" என்று பேபி சிரித்தாள்.

"அங்க நரச்ச தலைங்கல்லாம் இதத்தான் பாக்குது. நீ பாரு. அப்பால பேசு."

பார்த்தோம். கிறிஸ்துதாஸ் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடித்து, சாப்பிட்டு, கதவைத் திறந்து வைப்பான். வேம்புலியும் பேபியும் வருவார்கள். அதே பட்டறையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய தகடுகளைப் பொறுக்கி அடுக்கும் தாயம்மா வருவாள். தெருவில் பாதிப் பேர் வந்தோம். இரும்பு மனிதன் ஒருவனின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அவனை ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதை. ஊரை விழுங்கக் கடலிலிருந்து என்னென்னவோ எழுந்து வரும். அவள் கண் ஒவ்வொன்றும் இட்லித் தட்டு அகலம். பேச்சு எல்லாம் ஜப்பான் மொழி. யாருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. அதனால் ஆளுக்கொரு கதை புரிந்தது.

"வில்லன் அவ தாய்மாமன்தான். சொத்து தகராறு," என்றாள் தாயம்மா.

"யக்கா, அது ஆக்டோபஸ்ஸு."

"இருக்கட்டுமே. மாமன் எந்த ரூபத்துல வேணாலும் வருவான்."

ஜப்பான் கேசட் நம் டிவியில் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. கலரை வேம்புலி கொடுத்தான். பட்டறையில் தூக்கிப்போட்ட தகடுகளில் அந்தப் பெண்ணை வரைந்து, இயந்திரத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டால் அவளுக்குத் தலைமுடி வைத்தான். எங்கள் தெருவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பச்சை முடிக்காரி தொங்காத வீடு இல்லை. இரும்பு மனிதனையும் வரைந்தான். ஆனால் அவனுடைய வலது கை மட்டும் வரவில்லை. எத்தனை முறை வரைந்தாலும் கோணியது. கடைசியில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வரைந்தான். பேபிக்கு அது பிடிக்கவில்லை.

கிறிஸ்துதாஸுக்குத் தெரிந்த ஜப்பான் மொழி, அங்கே தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருந்ததுதான். அதில் ஒரு சொல் படத்தில் அடிக்கடி வந்தது. அசம்பாவிதம் வருவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்துவாள்: "அபுனாய்!"

"ஆபத்துன்னு அர்த்தம். அங்க ஒவ்வொரு மெசின் மேலயும் சேப்பு மையில எயுதி வெச்சிருப்பான்," என்றான் கிறிஸ்துதாஸ்.

அதை வைத்துப் பேபி ஒரு ஆட்டம் கண்டுபிடித்தாள். நடுவில் அவித்த வேர்க்கடலைத் தட்டு. எல்லோரும் படத்தைப் பார்த்தபடி எடுத்துச் சாப்பிடலாம். "அபுனாய்" என்றதும் எல்லாக் கையும் தட்டைவிட்டுப் பறக்க வேண்டும். கடைசிக் கை யாருடையதோ அவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். வேம்புலிக்குக் கண் முழுக்கப் படத்தில்; கை முழுக்கக் கடலையில். வாராவாரம் டீ போட்டான். மழைக்காலம் வந்தபோது அவன் கைதான் எல்லோரையும்விட வேகமாகப் பறந்தது. படத்துப் பெண்ணின் வாய் திறப்பதற்குள் கை மடியில் இருக்கும்.

"திருடன் கை மாறி பறக்குது பாரு," என்பாள் தாயம்மா.

அந்த மழைக்காலத்தில்தான் மாமியாருக்கு உடம்பு கெட்டது.

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் விரல் உள்ளே இருக்க முடியாது அல்லவா? ஆனால் இரண்டு கையும் அதற்கே போனால் வேலை பாதிதான் நடக்கும். அதனால் எஸ்டேட்டில் எல்லோரும் செய்கிற வேலையை மேஸ்திரி கோவிந்தனும் செய்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தி, இடுக்கில் மரச்சில்லு ஒன்றைச் சொருகி, நிரந்தரமாக அழுந்தியிருக்கும்படி வைத்துவிட்டார். இடது கையால் மற்ற பொத்தான். வலது கையால் தகடு உள்ளே, தகடு வெளியே. சில்லுக்கு மஞ்சள் குங்குமம் கூட வைத்திருந்தார்கள்.

ஒருநாள் வேம்புலி பொத்தானைத் தொடாமலே மாமியார் ஒருமுறை தானாக இறங்கி ஏறியது. அப்போது அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, சொல்லாம எறங்குது. கிளட்ச் ஸ்பிரிங் போச்சு போல."

"ஆயுத பூஜைக்கு பூசணிக்கா ஒடச்சோமில்ல? ஒண்ணியும் ஆவாது. ஆர்டர் முடியட்டும், பாக்கலாம் நைனா."

அன்று சாயங்காலம் வேம்புலி சொல்லக் கேட்ட கிறிஸ்துதாஸ், "அந்த சில்ல புடுங்கிடு," என்றான்.

"புடுங்குனா நாளிக்கே வேற ஆள் ஒக்காருவான் அண்ணாத்தே."

பேபி அன்றிலிருந்து கையைப் பார்த்தால் மட்டும் போதாது என்று ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்த கடைசிக் கேசட்டைப் போட்டோம். ஏரி நிரம்பி, தெருவில் தவளை நடந்துகொண்டிருந்தது. படத்தில் இந்த முறை கடலிலிருந்து வந்தது முன்பு வந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. இரும்பு மனிதன் கையை ஓங்கினான். அது அவன் வலது கையைத் தோளோடு பிடுங்கிக் கடலில் எறிந்தது. கறுப்பு வெள்ளையில் ரத்தமும் எண்ணெயும் ஒரே நிறம். பெண் கத்தினாள். கைகள் பறந்தன. யாரும் சிரிக்கவில்லை. பேபி எழுந்து டிவியை அணைத்தாள்.

"இன்னா படம்யா இது, கைய எடுக்கறான்," என்றாள். "நாளிக்கு நீ வேலைக்குப் போவாத."

"பொம்ம படம் பேபி."

"நீ வரஞ்சியே, கை இல்லாம. அதான் இன்னிக்கு அவனுக்குப் போச்சு."

மறுநாள் வேம்புலி வேலைக்குப் போனான். பேபி வாசலில் நின்று, போகும்போதும் ஒருமுறை கையைப் பிடித்துப் பார்த்தாள். பட்டறைக்குள் கூரை ஒழுகியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். மற்றதைத் தாயம்மா சொல்லக் கேட்டேன். மாமியாரின் பெரிய சக்கரத்துக்குப் பின்னாலிருந்து "க்ளக்" என்று ஒரு சத்தம், யாரோ நாக்கைச் சொடுக்கியதுபோல. வேம்புலியின் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே. இடது கை பொத்தானில் இல்லை, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த இரும்பு தானாக அசைந்தது.

அவன் பெயரைக் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பான். கை அங்கேயே இருந்திருக்கும். ஏன் அதைக் கூப்பிடவில்லை என்று தாயம்மாவுக்கே தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

"அபுனாய்!"

டங் என்று விழுந்தது. உள்ளே இருந்த தகடு வெட்டுப்பட்டுக் குதித்தது. வேம்புலி தன் மடியைக் குனிந்து பார்த்தான். கை அங்கே இருந்தது. நடுவிரல் நகத்தின் நுனி மட்டும் மாமியாரிடம் போயிருந்தது.

அவன் எழுந்து, மரச்சில்லைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

"ரெண்டு கையாலதான் அடிப்பேன் மேஸ்திரி."

"அப்ப நீ ஊட்டுல ஒக்காந்து ரெண்டு கையாலயும் சோறு துன்னு," என்றார் கோவிந்தன்.

வேலை போயிற்று. இப்போது ஆவடி மார்க்கெட் பக்கம் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறான். கடை இல்லை; தூரிகையும் டப்பாவும் சைக்கிளில் போகின்றன. அவன் எழுதிய கோழி போர்டைப் பார்த்து நிஜச் சேவல் சண்டைக்கு வந்தது என்பதை நீங்கள் நம்ப வேண்டாம். பேபி இன்னும் வாசலில் கையைப் பார்க்கிறாள். இப்போது பெயின்ட் கறைக்காக.

இந்த ஒரு வருஷத்துக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு மேசையில் கவிழ்ந்து அந்தப் படத்தைத் தாள்தாளாக வரைந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்கு அம்பத்தூர் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. மொழி தெரியாமல் கூடி உட்கார்ந்து கடலை தின்ற இந்தக் கூட்டத்துக்கும் சொல்ல வேண்டும். அந்த வாரமே வேம்புலி இரும்பு மனிதனை மறுபடி வரைந்தான். வலது கை முன்னால், விரல்கள் விரிந்து, வாசலில் நின்று பேபிக்குக் காட்டுவதுபோல. கோணவில்லை.

மாமியார் நிற்கவில்லை. கோவிந்தன் வேறு சில்லு சொருகிவிட்டார். ஸ்டூலில் இப்போது முனியன் என்று ஒரு பையன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். வேம்புலி அவன் வீட்டுக்குப் போய் எவ்வளவோ சொன்னான். "பாத்துக்கறேண்ணா," என்றானாம். வேறு வழி தெரியாமல் போன ஞாயிற்றுக்கிழமை தாயம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

கிறிஸ்துதாஸ் முதல் கேசட்டைப் போட்டான். முனியன் வாயைப் பிளந்து பார்த்தான். பச்சை முடிக்காரி கத்தினாள். எல்லாக் கைகளும் பறந்தன. முனியனின் கை மட்டும் கடலைக்குள் இருந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"டீ நான்தானா?" என்றான்.

வேம்புலி எழுந்து கேசட்டைப் பின்னால் ஓட்டினான்.

"மறுபடி," என்றான்.