விழுந்தவனை விட்டு ஆடியவள்

பலெர்மோவில் ஐஸ் என்றால் குடிக்கிற கிளாசுக்குள் போடுவதும், எலுமிச்சம்புளி விட்டுச் சுரண்டித் தருகிற கிரனித்தாவும்தான். இப்படி ஒரு வெக்கை பிடித்த ஊரில், ஐஸின் மேல் ஆடிப் பேரெடுத்து, அதே ஐஸின் மேல் பேரைக் கெடுத்துக்கொண்ட ஒரு மனிசியின் வீட்டில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன்.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம் வந்து சேர்ந்தேன். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் நாலு பெண்கள் படுத்தோம். இங்கே தங்கி வேலை செய்கிற அனுமதிக் கடதாசியான பெர்மெஸ்ஸோ கைக்கு வந்த கிழமையே, ஒரு மொரிசியஸ் பெண் தான் விட்டுவிட்டுப் போகிற வேலையை எனக்குக் காட்டிவிட்டாள். "அந்த மனிசியோட ஒரு மாதம் தாக்குப் பிடிச்சியெண்டால் உனக்குக் கோயில் கட்டலாம்" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. சிஞ்ஞோரா என்றுதான் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவேன், அவருக்கு அப்போதே எழுபது வயது. பிள்ளைகள் இல்லை, புருசன் செத்துப் பல வருடம். நான் நிலம் துடைத்து முடித்ததும் குனிந்து, கன்னத்தை நிலத்தோடு வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்ப்பார். எங்காவது ஒரு தண்ணீர்க் கோடு தெரிந்தால் போச்சு, முழு வீட்டையும் மறுபடி துடைக்க வேண்டும். பளிங்கு நிலம் என்ன, நீங்கள் சாப்பாடு போட்டுச் சாப்பிடுகிற கோப்பையா என்று மனதுக்குள் திட்டுவேன். வாயால் திட்டப் பாஷை போதாது.

எங்களுக்குள் கதைத்ததெல்லாம் என் உடைந்த இத்தாலியனில்தான். அதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு நினைவில் இருப்பதும் அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டிவியில் குளிர்கால ஒலிம்பிக் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு பழைய படத்தைப் போட்டார்கள். ஓர் ஆணும் பெண்ணும் சோடியாக ஐஸில் ஆடுகிறார்கள். அவன் அவளைத் தூக்கி எறிகிறான். அவள் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறாள். அவள் இறங்க, இவன் சறுக்கி விழுந்துவிட்டான். விழுந்தவன் எழும்பவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆடிக்கொண்டே போனாள். அவன் கிடந்த இடத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஆடி முடித்து, தனியாகத் தலை குனிந்து வணங்கினாள். கூட்டம் விசிலடித்தது. இந்த நாட்டில் விசிலடித்தால் அது பாராட்டில்லை, திட்டு.

அந்தக் கழுத்து எனக்குத் தெரியும். தினமும் காலையில் நான் வாரிவிடுகிற தலைக்குக் கீழே இருக்கிற கழுத்து. கத்தியோடு முன்னறைக்குப் போனேன்.

"இது நீங்களோ?"

"ஓம்."

"விழுந்தவனை விட்டிட்டு ஏன் ஆடினனீங்கள்?"

"பாட்டு நிக்கேல்லை" என்றார். டிவியை நிற்பாட்டினார்.

சீ, இதுவும் ஒரு பொம்பிளையோ என்று குசினிக்குத் திரும்பி வந்து வெங்காயத்தைப் போட்டு நறுக்கினேன். நறுக்க நறுக்க என் நெஞ்சே என்னைச் சுட்டது. கடைசிச் சண்டையில் கடற்கரைப் பக்கம் ஓடும்போது, ஷெல் விழுந்து என் அக்காவின் கால் போனது. "நில்லடி" என்று அக்கா கத்தினாள். நான் நிற்கவில்லை. என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதையாவது அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். போத்தலோடு ஓடினேன். வேறு யாரோ அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். அக்கா உயிரோடு இருக்கிறாள். அன்று தொடங்கி எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. நான் யாரைப் பார்த்துச் சீ என்பது?

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கினார். வடக்கே மலையூரில் பிறந்தவர். தகப்பன் ஐஸ் அரங்கைக் கூட்டித் துடைக்கிறவர். (அந்த நிலப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.) பதின்மூன்று வயதில் சோடி சேர்த்துவிட்டார்கள். அந்தப் பையனின் குடும்பம் பலெர்மோவிலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வடக்கே போன குடும்பம். பத்து வருடம் ஒன்றாக ஆடினார்கள், கிண்ணம் கிண்ணமாக வென்றார்கள். அந்த ஒரு விழுகையில் அவனுடைய இடுப்பு உடைந்தது. பத்திரிகைகள் இவரைக் கல்நெஞ்சுக்காரி என்றன. அவன்தான் ஆடச் சொல்லிக் கை காட்டினான் என்று சிலர் வாதாடினார்கள். பகிரங்கமாக மன்னிப்புக் கேள் என்று ஐஸ் ஆட்டச் சங்கம் கட்டளை போட்டது. "பேப்பர்காரனிட்டை நான் ஏன் மன்னிப்புக் கேக்கவேணும்? கேக்கிறதெண்டால் அவனிட்டைத்தான்" என்று இவர் மறுத்துவிட்டார். பிறகு எந்த அரங்கில் இறங்கினாலும் விசில். இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பழக்கப் போனார், தாய் தகப்பன்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு பலெர்மோக்காரரைக் கலியாணம் முடித்து இங்கே வந்தார்.

"அவன் கை காட்டினவனோ, இல்லையோ?" என்று கேட்டேன்.

"கை அசைஞ்சது. என்னத்துக்கு அசைஞ்சதெண்டு தெரியாது. அவனைத்தான் கேக்கவேணும்."

"கேட்டனீங்களோ?"

"இல்லை."

வெயிலுக்காக இந்த ஊருக்கு வந்தேன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். பச்சைப் பொய். இடுப்பு உடைந்தவன் குடும்பத்தோடு ஊர் திரும்பி, ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். கடையைப் பார்த்தது அவனுடைய தங்கச்சி. அவன் மேல்மாடியில் இருந்தான்.

வியாழன் பின்னேரம் எங்களைப் போல வீட்டு வேலைக்காரருக்கு லீவு. மற்றப் பெண்கள் கூட்டமாகப் போய் ஊர்க்கதை கதைப்பார்கள். அவர்களுக்குள் போனால் யாராவது "உங்கடை அக்கா எப்பிடி?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் நான் போவதில்லை. சிஞ்ஞோரா பஸ்ஸில் ஸ்ஃபெர்ராகவால்லோ போவார், நானும் கூடப் போவேன். கடைக்கு எதிரே, வள்ளங்கள் கட்டுகிற இடத்தில் ஒரு வாங்கு. அதில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்போம். அவர் கடையைப் பார்ப்பார், நான் கடலைப் பார்ப்பேன். பிறகு பஸ் எடுத்து வருவோம். "உங்களுக்கென்ன விசரே? வாற கிழமை நான் வரமாட்டன்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வியாழன் திடீரென்று எழும்பினார். பையைத் தோளில் போட்டார். தெருவைக் கடந்து நேரே கடை வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்கை போறியள்?"

"உள்ளை."

"அவை கூப்பிட்டவையே?"

"இது சாப்பாட்டுக் கடை. ஆரும் போகலாம்."

"கடையெண்டாலும் அது அவையின்ரை வீடு. பகையாய்ப் போன வீட்டுக்கு அழையாமல் போனால் மரியாதை கெட்டுப்போகும். நல்லதுக்குச் சொன்னாத்தான் போறது. சொல்லாமல் போறது செத்த வீட்டுக்கு மட்டும்தான். என்ரை அக்காவும் ஒருநாள் கூப்பிடுவா, அப்ப கதைப்பன் எண்டு நான் இருக்கேல்லையே? அதுமாதிரி இருங்கோ."

என் ஊர் முறையை அவருக்குப் படிப்பித்தேன். எவ்வளவு பெருமையாகப் படிப்பித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். எதிர்க் கதை கதைக்காமல் என்னோடு திரும்பி நடந்தார். வீட்டில் நிலத்தில் ஒரு கோட்டுக்குக் காளியாட்டம் ஆடுகிற மனிசி அன்று பசுமாதிரி வந்தது எனக்குப் புதினமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்ச் சுவரில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவது போலவே இங்கேயும் ஒட்டுவார்கள். அவனுடைய பேரை நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்குமுன் சிஞ்ஞோரா நடைபாதை விளிம்பில் குந்திவிட்டார். அப்படி நிலத்தில் குந்துகிற ஆள் இல்லை அவர்.

"நாளைக்குச் சேர்ச்சிலையாம்" என்றேன். "போவம். செத்த வீட்டுக்கு ஆரும் கூப்பிடத் தேவையில்லை."

போனோம். கடைசி வரிசையில் நின்றோம். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குப் பறை, இவர்களுக்குக் கைதட்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெட்டி எங்களைக் கடந்தபோது சிஞ்ஞோரா ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, கையை விரித்து, தலை குனிந்தார். ஆட்டம் முடிந்து சோடியாக வணங்குகிற வணக்கம். எழுபத்துச் சொச்சம் வயது, ஆனாலும் குனிந்தார். "வெட்கங்கெட்டவள்" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

அப்போது அவனுடைய தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் முன்னால் போய் நின்றேன். அவள் அடிக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கள் அந்த வாங்கிலை இருந்தனீங்கள். அண்ணை மேலை ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டே இருப்பான். கூப்பிடட்டோ எண்டு கேப்பன். வேண்டாம், அவள் தானா வரட்டும் எண்டுவான். ஒருநாள் நீங்கள் வாசல் மட்டும் வந்தனீங்கள். அண்ணை அவசரம் அவசரமாய்ச் சட்டை மாத்தினவன். நான் படியாலை அவனைப் பிடிச்சு இறக்கிக்கொண்டு வாறதுக்குள்ளை, இவள் உங்களைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டாள்."

இவள் என்று விரல் நீட்டியது என்னை.

பஸ்ஸில் வரும்போது பாதி வழிவரை நான் அழுதேன். சிஞ்ஞோரா அழவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கெடுத்தனான்" என்றேன். "என்னைப் பேசுங்கோ. அடியுங்கோ."

"நீ பிடிச்ச பிடி அப்பிடி ஒண்டும் இறுக்கமில்லை" என்றார். "உதறியிருக்கலாம். எனக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது."

மறுநாள் நான் நிலம் துடைத்தேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. கோடு விழுந்தபடியே நிலம் காய்ந்தது. அடுத்த வியாழன் பின்னேரம் அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நான் குசினியில் தனியே இருந்தேன்.

அக்காவின் நம்பர் நாலு வருடமாக என் போனில் கிடந்தது. பேருக்குப் பதிலாக ஒரு புள்ளி மட்டும் போட்டுப் பதிந்து வைத்திருந்தேன். அவள் கூப்பிட்டால் அந்தப் புள்ளி தெரியும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அன்று நானே அமத்தினேன்.

ஒரு பெட்டைக் குரல் எடுத்தது. அக்காவின் மகளாக இருக்க வேண்டும். "ஆர் கதைக்கிறது?"

"சித்தி" என்றேன். "இத்தாலியிலை இருந்து."

அவள் போனை மூடாமலே உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா, சித்தியாம்!"

"எந்தச் சித்தி?" அக்காவின் குரல். கொஞ்சமும் மாறவில்லை. "எனக்கு எங்கையடி தங்கச்சி?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்கச் சொல்லிவிடுவாள், வைக்கச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. சீமெந்து நிலத்தில் பொய்க்கால் ஊன்றுகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. அது போனுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது.